சக்கரக் கல்லின் ஊர் எது?

(ஜொகூரில் ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஜொகூர் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டத்திலிருந்து நகர்ப்புற வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். தாத்தா மறைந்தார்; பாட்டியும் மறைந்தார். பூசை அறையிலிருந்த பித்தளைச் செம்பு ஒருவருக்கு, காமாட்சி விளக்கு ஒருவருக்கு என்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்டனர். கடைசியில் சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றிய ஒரு கல் எஞ்சியது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. எண்ணெய் தடவினாற்போல் பளபளப்பு. நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருண்டு விரியும் சக்கரம். மூத்த மகன் அது சாளக்கிராமம் என்கிறார். மருமகப்பிள்ளை, அவ்விதக் கற்கள் பேரங்காடிகளில் விலைக்குக் கிடைக்கின்றனவே என்கிறார். பேத்தியோ பள்ளியில் படித்ததை நினைவில் வைத்து, அது கடல்வாழ் உயிரினத்தின் புதைபடிவம் என்கிறாள். மூவரும் சண்டையிட்டுக்கொண்டு ஆலய அலுவலகத்தின் வாசலுக்கு வந்து நிற்கின்றனர்.

இது கற்பனைக் குடும்பமே. ஆயினும் இத்தகைய வினாவோடு வருபவர்கள் உண்மையானவர்கள். அவர்களுக்கு விடை கூறுவது எளிதன்று. ஏனெனில் மூவர் கூற்றும் ஒருங்கே உண்மையாயிருக்கக் கூடும், மூவர் கூற்றும் ஒருங்கே பிழையாயிருக்கவும் கூடும். அந்தக் கல் சாளக்கிராமமாயின் நாள்தோறும் நீராட்டும் துளசியும் வேண்டும். அதனை ஏற்பவர் வாழ்நாள் முழுமைக்கும் ஒரு கடமையை ஏற்கின்றார். அன்றெனில், ஒரு காட்சிப் பொருளுக்காக உடன்பிறந்தார் மனத்தாங்கல் கொண்டவராவர்.

முதலில் சாளக்கிராமம் எது என்பதைக் காண்போம்.

நேபாள நாட்டின் வடக்கே, முஸ்தாங் மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் முக்திநாத் என்னும் திருத்தலம் உள்ளது. வைணவ மரபில் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய திருச்சாளக்கிராமம் இதுவே எனப் பெரும்பாலோர் கொள்வர். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த தலம். கோயிலின் பின்புறத்தில் 108 நீர்த்தாரைகள் பிறைவடிவில் அமைந்துள்ளன. பௌத்தர்களுக்கும் அது புனிதத்தலமே. ஒரே வளாகத்தில் இரு சமயத்தாரும் வழிபடுகின்றனர். அப்பகுதியை ஊடறுத்துச் செல்வது காளிகண்டகி ஆறு. தேவ்காட் என்னுமிடத்தில் திரிசூலி ஆற்றுடன் கலந்து நாராயணி என்று பெயர் பெற்று, இந்தியாவுக்குள் கண்டக் என வழங்கி, பாட்னா நகரின் அருகே கங்கையில் சேர்கின்றது. இவ்வாற்றின் மேற்பகுதியில், கரைமணலிலும் கூழாங்கற்களிடையேயும் கிடைக்கும் சக்கரக் குறியுடைய கருங்கற்களே சாளக்கிராமங்கள்.

புராண வரலாறு பலரும் அறிந்தது. சங்கசூடனின் மனைவியாகிய துளசி, தன் கற்பு நெறி குலைக்கப்பட்டது கண்டு திருமாலைக் கல்லாகுமாறு சபித்தாள். அவர் கண்டகிக் கரையில் கல்லாயினார். அவள் உடல் கண்டகி நதியாயிற்று. கூந்தல் துளசிச் செடியாயிற்று. கூரிய பற்களையுடைய வச்சிரகீடம் என்னும் புழு அக்கல்லைக் குடைந்து உள்ளே சக்கரங்களை வரைந்தது. தவறிழைத்தவர் இறைவனேயாயினும் சாபத்தை ஏற்று நின்றார் என்பதுதான் இக்கதையின் உயிர்; சொற்பொழிவுகளில் பலரும் அந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

சக்கரங்களின் எண்ணிக்கையைக் கொண்டு கருட புராணம் பெயர் வகுக்கின்றது: ஒன்றாயின் சுதர்சனம், இரண்டாயின் லட்சுமி நாராயணம், பன்னிரண்டையும் கடந்தால் அனந்தம். நிறம், வாயின் அமைப்பு, மாலை போன்ற கோடு ஆகியவற்றையும் கணக்கிற்கொள்வர். பிற திருமேனிகளுக்குப் பிரதிட்டை வேண்டும், சாளக்கிராமத்திற்கு வேண்டுவதில்லை. உடைந்தாலும் அது வழிபாட்டிலிருந்து நீங்குவதில்லை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி திருமேனி 12,008 சாளக்கிராமங்களைக் கொண்டு கடுசர்க்கரை முறையில் அமைந்தது என்பது அக்கோயில் மரபு. திருமலை வேங்கடவன் அணியும் சாளக்கிராம மாலையும் பலர் அறிந்ததே.

சைவ அன்பர்கள் இது தமக்குரிய பொருளன்று எனக் கருத வேண்டுவதில்லை. பஞ்சாயதன பூசையில் ஐந்து மூர்த்தங்களுக்கு ஐந்து கற்கள். திருமாலுக்குக் கண்டகியின் சாளக்கிராமம். சிவபெருமானுக்கு நருமதையின் பாணலிங்கம். அம்பிகைக்குச் சுவர்ணமுகி ஆற்றுக் கல். விநாயகருக்குச் சோணை ஆற்றின் செந்நிறக் கல். சூரியனுக்குத் தஞ்சையை அடுத்த வல்லத்தின் படிகம். இவ்வரிசையை ஊன்றி நோக்குங்கள். ஒவ்வொரு கல்லும் பிறந்த ஊரினால் பெயர் பெறுகின்றது. உருவம் ஒத்திருந்தால் போதும் என்று முன்னோர் சொல்லவில்லை. வெண்மையும் உருட்சியும் உடைய எந்தக் கல்லும் பாணலிங்கமாகிவிடாது. நருமதையில் உருண்டிருக்க வேண்டும். ஆகவே ‘இந்தக் கல் எங்கிருந்து வந்தது?’ என்பது நாத்திகர் கேட்கும் கேள்வியன்று. அது மரபே கேட்கும் முதற்கேள்வி.

இனி அறிவியலார் கூறுவது.

சக்கரமாகத் தோன்றுவது அம்மோனைட் என்னும் உயிரினத்தின் ஓடு. கணவாய், நாட்டிலசு ஆகியவற்றின் உறவினமாகிய இது கடலில் வாழ்ந்தது. இதன் மூதாதையர் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றினர். ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த அதே பேரழிவில், இக்குலம் முற்றாக அற்றுப்போயிற்று. ஓட்டின் உட்புறம் பல அறைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். உயிர் குடியிருந்தது இறுதி அறையில் மட்டுமே. வளர வளரப் பழைய அறையைச் சுவரிட்டு மூடிவிட்டு முன்னே நகரும். மூடிய அறைகள் அனைத்தையும் ஒரு மெல்லிய குழாய் இணைத்தது. அவ்வறைகளில் நிறைந்த காற்றே அதனை நீரில் மிதக்கச் செய்தது.

இமயமலை இன்றுள்ள இடத்தில் அந்நாளில் தெத்திசு என்னும் கடல் இருந்தது. இந்திய நிலப்பகுதி வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியபோது அக்கடலடிச் சேறு மலையாக உயர்ந்தது. முக்திநாத் பகுதியிலுள்ள கரிய களிப்பாறை இவ்வாறு உயர்ந்ததே. இமாசலத்திலுள்ள இசுபிட்டியின் பெயரால் இசுபிட்டி களிப்பாறை என வழங்கப்பெறுகின்றது. வயது ஏறத்தாழ 16 கோடி முதல் 13 கோடி ஆண்டுகள் வரை. சேற்றில் புதைந்த ஓட்டைச் சுற்றிக் கனிமங்கள் இறுகி, ஓடு ஒன்றை நடுவில் கொண்ட கருங்கல் உருண்டையாக மாறிற்று. ஆறு பாறையை அரிக்க, உருண்டைகள் நீரில் விழுந்து தேய்ந்தன. சில வாய் திறந்து உள்ளிருக்கும் சக்கரத்தைக் காட்டுகின்றன. சில மூடியே கிடக்கின்றன. சிலவற்றில் தெரிவது ஓடன்று. ஓடு கரைந்தபின் அது விட்டுச்சென்ற அச்சுப் பதிவு. பொன்னிறக் கீற்று காணப்பட்டால் அது பெரும்பாலும் பைரைட் என்னும் இரும்புக் கனிமம். ஆஸ்திரிய அறிஞர் ஊலிக் 1903 முதல் 1910 வரை வெளியிட்ட பெருநூலில் இக்களிப்பாறையின் உயிரினங்களை வகைப்படுத்தினார். முக்திநாத் பகுதியில் மிகுதியாகக் கிடைப்பவற்றுள் பிளான்போர்டிசெராசு, ஆப்ளோபில்லோசெராசு ஆகிய இரு பேரினங்களைக் குறிப்பிடலாம். முன்னது தடித்த விலா எலும்பு போன்ற வரிகள் உடையது. அவை வெளிவிளிம்பை நெருங்கும்போது இரண்டாகக் கிளைக்கும். சக்கரத்தின் ஆரங்கள் எனப் பக்தர்கள் கண்டது இவ்வரிகளையே.

வச்சிரகீடக் கதையை எள்ளி நகையாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கல்லுக்குள் உயிரொன்று இருந்தது, உள்ளே அறையும் வளையமும் அமைந்தது அவ்வுயிரினாலேயே என்பதை அக்கதை கூறியவர்கள் கண்டிருந்தனர். உயிர் கல்லைக் குடைந்ததா, கல் உயிரைச் சூழ்ந்ததா என்பதில் மட்டுமே வேறுபாடு. பிற நாட்டார் கண்டது வேறு. எகிப்தின் ஆமுன் தெய்வத்திற்குரிய ஆட்டுக்கடாவின் கொம்பாக உரோமர் கண்டனர். அம்மோனைட் என்ற பெயரே அங்கிருந்து வந்தது. இங்கிலாந்தின் விட்பி நகரத்தார், இல்டா என்னும் துறவி அம்மையார் கல்லாக்கிய பாம்புகள் என்றனர். பாம்பென்றால் தலை வேண்டுமே! ஆகவே அந்நகரத்துக் கைவினைஞர் கல்லில் பாம்புத் தலையைச் செதுக்கி விற்றனர். நம்பிக்கையை நிறைவு செய்யக் கல்லைத் திருத்தும் பழக்கம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதற்காக இது கூறப்படுகின்றது.

இப்போது அந்தப் பட்டுத் துணிக் கல்லுக்கு வருவோம். அது எங்கிருந்து வந்திருக்கக் கூடும்?

கண்டகியிலிருந்து வந்திருக்கலாம், காசி யாத்திரை சென்ற முன்னோர் ஒருவர் கொணர்ந்திருக்கலாம். ஆனால் மலேசியத் தமிழருக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டங்களுக்கு ஆள் திரண்ட மாவட்டங்களுள் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டம் ஒன்று. அதன் பகுதிகளாயிருந்த இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அம்மோனைட்டுகளின் களஞ்சியம். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் அங்கே நிலத்தினுள் புகுந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் தங்கியிருந்தது. ஊட்டத்தூர், காரை, அரியலூர் ஆகிய ஊர்களின் பெயர்கள் உலகப் புவியியல் நூல்களில் இடம்பெற்றுள்ளன. கேய், கன்லிப் ஆகிய இருவர் திரட்டிய படிவங்களை 1846இல் எட்வர்டு போர்ப்சு ஆராய்ந்து எழுதினார். பின்னர் என்றி பிளான்போர்டும் பெர்டினாண்டு சுடோலிச்காவும் 1861 முதல் 1866 வரை தென்னாட்டுப் படிவங்களைப் படங்களுடன் வெளியிட்டனர். சாத்தனூரில் கிடக்கும் கல்மரமும் அக்கடல் விட்டுச்சென்றதே. 18 மீட்டர் நீளமுள்ள அதனைப் புவியியலறிஞர் மா. சீ. கிருட்டிணன் 1940இல் அறியத் தந்தார்.

அவ்வூர்களில் உழவன் ஏர் ஓட்டும்போதே சுருள் கல் வெளிப்படும். 2020ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரியைத் தூர் வாரியபோது உருண்டை உருண்டையாகப் பெருங்கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டைகள் என்ற செய்தி காட்டுத்தீயாகப் பரவிற்று; மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று பார்த்தனர். புவியியலார் வந்து நோக்கி, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டைச் சூழ்ந்து இறுகிய படிவ உருண்டைகள் என்று தெளிவுபடுத்தினர். கண்டகியில் நிகழ்ந்த அதே செயல்தான் அங்கும் நிகழ்ந்துள்ளது. மலை இல்லை, பனி இல்லை, அவ்வளவே. ஆகவே தாத்தா கப்பலேறுமுன் தம் வயலில் பொறுக்கிய கல் ஒன்றை ஊர் நினைவாகப் பெட்டியில் இட்டிருந்தால் வியப்பதற்கில்லை. அரியலூர்ப் பகுதிக் கற்கள் பெரும்பாலும் பழுப்பு, மஞ்சள் அல்லது சாம்பல் நிறமுடையன. கண்டகிக் கல்லின் ஆழ்ந்த கருமை அவற்றில் அரிது.

மூன்றாவது வாய்ப்பு அங்காடி. இன்று உலகெங்கும் விற்கப்படும் மெருகேற்றிய அம்மோனைட்டுகளுள் பெரும்பகுதி இரண்டு நாடுகளைச் சேர்ந்தது. மடகாசுகரின் வடமேற்கிலிருந்து வருபவை சுமார் 11 கோடி ஆண்டு வயதினை. நடுவில் அறுத்து இரு பாதிகளாகப் பளபளப்பாக்கப்பட்டிருக்கும். அறைகளில் தேன் நிறத்திலோ பழுப்பு நிறத்திலோ கால்சைட் படிகம் நிறைந்திருக்கும். மொரோக்கோவின் எர்பூத் வட்டாரத்திலிருந்து வருபவை இன்னும் தொன்மையானவை. 36 கோடி ஆண்டுகளை ஒட்டியவை. கருமையாகவோ கருஞ்சாம்பலாகவோ இருக்கும். முழுமையாக உருட்டி மெருகிடப்பட்டிருக்கும். கறுப்பு நிறமும் சுருளும் இருப்பதால் சாளக்கிராமம் என்று மயங்குவதற்கு இந்த மொரோக்கோக் கல்லே முதலிடம் பெறும்.

மலேசிய மண்ணிலும் இக்குலம் உண்டு. கிளந்தான், பகாங் மாநிலங்களின் திரையாசிக் காலப் பாறைகளில் கிடைத்துள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் களிப்பாறையில் நசுங்கிய பதிவுகள். உருட்டி மெருகிடத் தக்கவை அல்ல.

இறுதியாக, அம்மோனைட்டே அல்லாதவை. கோமதிச் சக்கரம் என்று வழங்குவது கடல் நத்தை தன் வாயை மூடிக்கொள்ளும் மூடி, கல்லேயன்று. துவாரகையின் வெண்ணிறச் சக்கரக் கல் பவளப் பாறை. இவற்றிற்கும் மரபில் தமக்குரிய இடம் உண்டு. சாளக்கிராமமென்ற பெயரில் விற்பதுதான் தவறு. இவற்றையன்றிக் கருங்கல்லில் உளியாற் சக்கரம் வெட்டியவையும், பிசினில் கரித்தூள் கலந்து அச்சில் வார்த்தவையும் உலாவுகின்றன.

அறியும் வகையாவது: பளபளப்பான கல்லில் நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு தையல்வரியைத் தேடவேண்டும். அறைச்சுவர் ஓட்டின் உட்புறத்தைத் தொட்ட இடத்தில் விழும் கோடே தையல்வரி. மேலோடு தேய்ந்தால்தான் அது தெரியும். ஆகவே மெருகு ஒரு வகையில் துணையே. இக்கோடு ஒவ்வொரு காலத்தாரின் கையெழுத்துப் போன்றது. மொரோக்கோவின் தொன்மையான கற்களில் கோடு எளிய வளைவும் கூர்முனையுமாக, மின்னற்கீற்றுப் போல் மடங்கும். மலேசியாவில் கிடைக்கும் திரையாசிக் காலத்து வகைகள் பலவற்றில் ஒருபுறம் வழவழப்பான வளைவு, மறுபுறம் சிறு பற்கள். கண்டகி, அரியலூர், மடகாசுகர்க் கற்களிலோ அது கொத்துமல்லி இலை விளிம்பைப் போல நுணுக்கமாகக் கிளைத்துக் கிளைத்துச் செல்லும். கோடு மேலோட்டமான நேர் வளைவாக இருந்து, குழாய் அறைச்சுவரின் நடுப்பகுதியைத் துளைத்துச் சென்றால் அது அம்மோனைட் அன்று, நாட்டிலசு; அம்மோனைட்டில் குழாய் பெரும்பாலும் வெளிவிளிம்பை ஒட்டியே ஓடும். அறைகள் நடுவை நோக்கிச் செல்லச் செல்ல ஒழுங்காகச் சிறுக்க வேண்டும். எல்லா அறைகளும் ஒரே அளவாயிருப்பின் அது மனிதன் கை. வார்த்த பொய்க்கல்லில் நுண்ணிய காற்றுக்குமிழிகள் தென்படும். அளவுக்குப் பொருந்தாத இலேசும் இருக்கும்.

மெருகு மறைப்பதும் உண்டு. வரிகளின் முனை தேய்ந்துபோம். அதைவிடப் பெரிய இழப்பு, ஓட்டைச் சூழ்ந்திருந்த தாய்ப்பாறை போய்விடுவது. அதில் ஒரு சிட்டிகை எஞ்சியிருந்தாலும் அதனுள் உள்ள நுண்ணுயிர்ப் படிவங்களைக் கொண்டு அறிஞர் காலத்தைக் கணிப்பர். முற்றும் மெருகிட்ட கல்லில் உள்ளே நிறைந்த கனிமம், நிறம், சுருளின் அகலம், தையல்வரி ஆகியன மட்டுமே சான்றாக நிற்கும். அவற்றால் காலத்தையும் இனத்தையும் ஓரளவு சொல்லலாம். ஊரைச் சொல்வது பல வேளைகளில் இயலாது. ஒளிப்படம் ஒன்றைப் பார்த்துத் தயக்கமின்றி ஊர்ப்பெயர் கூறுபவரை நம்ப வேண்டாம்.

வீட்டிலேயே சோதிக்க முனைவோர்க்கு ஓர் எச்சரிக்கை. கால்சைட்டா என்றறிய எலுமிச்சைச் சாறோ காடியோ விடுவதும், பிசினா என்றறியப் பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைப்பதும், கத்தியாற் கீறுவதும் சிலர் கூறும் வழிகள். வழிபாட்டிலிருந்த கல்லின்மீது இவற்றுள் எதனையும் செய்தலாகாது. செய்தபின் அழியாத வடு நிற்கும். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் புவியியல் துறைகள் உள்ளன. ஈப்போவில் புவியியல் அருங்காட்சியகம் உள்ளது. முன்கூட்டி எழுதிக் கேட்டுச் செல்வது நலம். அங்கே அறியக் கிடைப்பது கல்லின் பிறப்பு. அதன் வழிபாட்டுத் தகுதியை அவர்களிடம் கேட்பது முறையன்று.

அந்த வினா எங்கே தீரும்? அண்மையில் நிகழ்ந்த இரண்டு செய்திகள் இங்கே பொருந்தும்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அயோத்தி இராமர் திருமேனி வடிப்பதற்கென நேபாளத்தின் காளிகண்டகிப் பகுதியிலிருந்து இரண்டு பெரும் பாறைகள் சனகபுரி வழியாகக் கொண்டுசெல்லப்பட்டன. வழிநெடுக மக்கள் மலர் தூவி வணங்கினர். நாளேடுகள் சாளக்கிராமப் பாறைகள் என்றே எழுதின. அம்மோனைட்டால் அன்று, ஆற்றின் புனிதத்தால் அப்பெயர். ஈற்றில், 2024 சனவரி 22இல் பிரதிட்டையான பால இராமர் திருமேனி கருநாடகத்தின் கருங்கல்லில் அருண் யோகிராசு வடித்ததாயிற்று. கண்டகிப் பாறைகளை வணங்கியோர் ஏமாந்தோம் என்று கூறவில்லை.

மற்றொன்று 2023 டிசம்பரில். மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்துப் பாட்லியா சிற்றூரில் சில குடும்பத்தார் தம் வயலில் கிடைத்த உருண்டைக் கற்களைக் காக்கட் பைரவர் எனத் தலைமுறை தலைமுறையாக வழிபட்டு வந்தனர். நிலத்தையும் கால்நடையையும் காப்பவர் அவரே என்பது நம்பிக்கை. இலக்னோவிலிருந்து வந்த தொல்லுயிர் ஆய்வாளர்கள் அவை டைனோசர் முட்டைகள் என்று கண்டனர். குன்னத்தில் முட்டை என்றது சிப்பியாயிற்று. பாட்லியாவில் தெய்வம் என்றது முட்டையாயிற்று.

இவ்விரண்டையும் வைத்து எண்ணும்போது, கற்பனைக் குடும்பத்தார்க்குக் கூறத்தக்கது இது. கல் மொரோக்கோவினது என்று உறுதியாயின் அதனைச் சாளக்கிராமம் என்றழைப்பது பொருந்தாது. அவ்வாறு கூறுவது நிந்தனையுமாகாது. கண்டகி என்று சாத்திரம் ஊர்ப்பெயர் சொன்னபின் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பாட்டி ஐம்பது ஆண்டு நீராட்டிப் பூச்சூட்டிய கல்லை ஆய்வுச் சீட்டு ஒன்றைக் காட்டிக் குப்பையில் இடுவதும் அடாத செயல். அது அவ்வில்லத்தின் வழிபாட்டுப் பொருள். சாளக்கிராமம் என்ற பெயர் இன்றியே அங்குத் தொடர்ந்து இருக்கலாம். ஊர் தெரியாத கல்லாயின், தம் குலத்து ஆசாரியரை அணுகி அவர் கூறியவண்ணம் நடப்பதே மரபு. அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபடும், வேறுபடுவதில் குற்றமில்லை.

ஆலய நிருவாகங்களுக்கும் ஒரு சொல். பல குடும்பத்தார் பூசையைத் தொடர இயலாமல் கற்களை ஆலயத்தில் ஒப்படைத்துச் செல்கின்றனர். அவற்றை ஏற்பதும் மறுப்பதும் அருச்சகரோடு கலந்து செய்யத்தக்கது. ஆனால் இது மெய்யான சாளக்கிராமம் என்று ஆலயத்தின் முத்திரையிட்டுச் சான்று வழங்கலாகாது. சாளக்கிராமத்திற்கு விலை கூறுவதே பாவம் என்பது பெரியோர் கொள்கை. சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே விலை வந்துவிடும். விலை வந்தால் உளியும் அச்சும் பின்தொடர்ந்து வரும். அமெரிக்க மானுடவியலாளர் ஆலி வால்டர்சு 2020இல் வெளியிட்ட சாளக்கிராம யாத்திரை பற்றிய நூல், யாத்திரிகர்கள் பனிக்குளிர் ஆற்றில் இறங்கித் தம் கையாலேயே கல்லைத் தேடுவதை விரித்துரைக்கின்றது. கண்டெடுப்பதும், குருவிடமிருந்தோ பெற்றோரிடமிருந்தோ பெறுவதும் தொன்றுதொட்ட வழி. விலைக்கு வாங்குவது அதற்குப் பின் வந்தது.

ஓர் எளிய செயல் மட்டும் எல்லாக் குடும்பத்தாராலும் இயலும். பூசை அறையில் இத்தகைய கல் இருப்பின், அதனை அறிந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்: யார் கொணர்ந்தது, எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து, யார் கொடுத்தது, விலைக்கு வாங்கியதா, அப்போதே மெருகு இருந்ததா, பின்னர் இடப்பட்டதா. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். பளபளப்பு வேண்டி மேலும் தேய்க்கக் கொடுக்காதீர்கள். எழுதிய தாளை மடித்து, அந்தப் பட்டுத் துணிக்குள்ளேயே, கல்லோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.